சாட்டிலைட் சொன்னால் சரியாகிவிடுமா?

"சாட்டிலைட்டுல பார்த்துட்டாங்களாம்" என்று யாராவது சொல்லிவிட்டால் ஆலங்காயம் டீக்கடையில் அதற்கு மேல் பேச்சே எழாது. நிலத் தகராறாக இருக்கட்டும், காட்டுத் தீயாக இருக்கட்டும், இந்த வருஷம் சாமை எப்படி என்ற கேள்வியாக இருக்கட்டும், மேலே இருந்து பார்த்தவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் ஜோசியருக்கு இருந்த இடம் இப்போது இதற்குக் கிடைத்திருக்கிறது.

எனக்கு இதில் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. சாட்டிலைட் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 32 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், விஞ்ஞானத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அது எப்படிப் பார்க்கிறது, பார்த்ததை எப்படி எழுதி வைத்துக்கொள்கிறது, எதைப் பார்த்து "இது இன்னது" என்று பெயர் சொல்கிறது என்பதை நம்மைப் போன்ற பெரியவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் அபிப்ராயம். ஏன் குறிப்பாகப் பெரியவர்கள் என்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

பள்ளிக்கூடத்தில் சுடர்ச் சோதனை செய்திருப்பீர்கள். பிளாட்டினக் கம்பியை உப்பில் தொட்டு பன்சன் விளக்கில் காட்டினால் சோடியம் மஞ்சளாக எரியும், தாமிரம் பச்சையாக, கால்சியம் செங்கல் நிறத்தில், பொட்டாசியம் வெளிர் ஊதாவில். பொட்டாசியத்தோடு துளி சோடியம் கலந்துவிட்டால் போச்சு, மஞ்சள் எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்குத்தான் நீல கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொல்வோம். மஞ்சளைக் கண்ணாடி விழுங்கிவிடும், மறைந்திருந்த ஊதா எட்டிப் பார்க்கும். பையன்கள் "சார், தெரியுது சார்" என்று கத்துவது அந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு பொருளும் வெளிச்சத்தில் தனக்கென்று ஒரு கையெழுத்துப் போடுகிறது என்பதுதான் இதன் அடிப்படை. சில நிறங்களை விழுங்கும், சிலவற்றைத் திருப்பி அனுப்பும். இந்தக் கையெழுத்தை வாசிக்கிற கலைக்கு நிறமாலையியல் என்று பெயர். இதற்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. நம் ஜவ்வாது மலையிலேயே, காவலூரில், 1968 முதல் அந்த வேலை நடக்கிறது. வைணு பாப்பு சந்தன மரங்களுக்கு நடுவே இடம் பார்த்து ஆரம்பித்த ஆய்வகம் அது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்து, ஆய்வகத்துக்கே பாப்புவின் பெயரைச் சூட்டினார். பாப்பு அதைப் பார்க்க இல்லை, 1982லேயே போய்விட்டார். நம்மில் பலரும் அங்கே போய் சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். ஆனால் அங்கே நடக்கிற பெரிய வேலைகளில் ஒன்று, நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்து அந்தக் கையெழுத்தைப் படிப்பது.

பாப்புவின் பெயர் உலகப் புத்தகங்களில் ஏறியதும் ஒரு கையெழுத்தால்தான். ஓலின் வில்சன் என்ற அமெரிக்கரோடு சேர்ந்து 1957இல் ஒரு விஷயத்தை வெளியிட்டார். சூரியனைப் போன்ற நட்சத்திரங்களிலும், அவற்றைவிடக் குளிர்ந்த நட்சத்திரங்களிலும் கால்சியத்தின் கே கோடு என்று ஒன்று உண்டு, 393 நானோமீட்டர் சுமாரில், ஊதாவின் ஓரத்தில். அந்தக் கோட்டின் நடுவே மெல்லிய ஒளிர்வு ஒன்று தெரியும். அந்த ஒளிர்வு எத்தனை அகலம் என்று அளந்தால் நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரிந்துவிடும். உண்மையான பிரகாசம் தெரிந்தால் தூரம் தெரியும். ஒரே ஒரு கோடு, அதன் அகலம், அவ்வளவுதான். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு ஒரு கோடு போதும் என்பதை இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். கீழே சொல்லப்போகிற விஷயத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

இப்போது சாட்டிலைட்டுக்கு வருகிறேன். சாதாரணக் கேமரா ஒரு புள்ளிக்கு மூன்று எண் வைத்துக்கொள்ளும்: சிவப்பு, பச்சை, நீலம். ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமரா என்று ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு புள்ளிக்கும் பத்துக் கணக்கில், நூற்றுக் கணக்கில் எண்களை வைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிகிற நிறங்களையும், அதைத் தாண்டி அகச்சிவப்பில் நம் கண்ணுக்கு எட்டாதவற்றையும் மெல்லிய பட்டை பட்டையாக நறுக்கி அளக்கும். காவலூரில் ஒரு நட்சத்திரத்துக்குச் செய்வதை இது தரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து நம் நாட்டின் மேல் இப்படி ஒரு கருவியை விமானத்தில் வைத்துப் பறந்தார்கள். 380 முதல் 2510 நானோமீட்டர் வரை, 5 நானோமீட்டருக்கு ஒரு பட்டை. 2018 நவம்பர் 29ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-43 கொண்டுபோன ஹைசிஸ் என்ற சாட்டிலைட்டும் இதே ஜாதிதான், சுமார் 380 கிலோ. அதன் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர்.

30க்கு 30 என்றால் 900 சதுர மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு சரிவில் 22 சென்ட் நிலத்தில் என்னென்ன இருக்கும்? சாமை இருக்கும், ஊடே துவரையோ கடுகோ தூவியிருப்பார்கள், நடுவில் தூக்க முடியாத ஒரு பாறை, ஓரத்தில் ஒரு பலா, ஒற்றையடிப் பாதை, பொறுக்கிப் போட்ட கல் வரப்பு. அத்தனையும் சேர்ந்து சாட்டிலைட்டுக்கு ஒரே ஒரு புள்ளி, ஒரே ஒரு கையெழுத்து. ஆறு பேர் சேர்ந்து ஒரே பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அதில் சாமையின் கை எது என்று பிரித்துச் சொல்ல வழிகள் இருக்கின்றன, கணக்குப் போட்டுப் பிரிப்பார்கள். ஆனால் சமவெளியில் ஏக்கர் கணக்கில் ஒரே நெல் நிற்கிற இடத்தில் சொல்வது போல அத்தனை சுளுவாக இங்கே சொல்ல முடியாது.

அடுத்தது குறியீடு. இதைத்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் தப்பு நுழைகிற வாசல் இதுதான்.

ஒரு புள்ளிக்கு 200 எண், படத்தில் லட்சக்கணக்கான புள்ளிகள். 1980களில் இந்தக் கருவிகள் வந்தபோது அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு இது தாங்காத சுமை. அதனால் அமெரிக்காவில் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரிக்காரர்கள் ஒரு சுருக்குவழி வைத்துக்கொண்டார்கள். ஒரு புள்ளியின் எண்களுக்கெல்லாம் சராசரி எடு. எந்தப் பட்டையில் அளவு சராசரிக்கு மேலே இருக்கிறதோ அங்கே 1 போடு, கீழே இருந்தால் 0. நீண்ட கையெழுத்து இப்போது ஒன்றும் சுழியுமான ஒரு வரிசையாகிவிட்டது. ஏற்கெனவே தெரிந்த பொருள்களின் வரிசைகளோடு ஒப்பிட்டு, எதோடு குறைந்த இடங்களில் வேறுபடுகிறதோ அந்தப் பெயரை வைத்துவிடு. இப்படி வேறுபடுகிற இடங்களை எண்ணும் கணக்குக்கு ஹாமிங் தூரம் என்று பெயர். 1950இல் பெல் லேபில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங் வேறொரு வேலைக்காகச் சொன்ன கணக்கு இது.

எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிக்கும். வாத்தியார் புத்தி. ஒரு பையன் நன்றாகப் படிக்கிறவன், இன்னொருவன் சுமார். ஆனால் இரண்டு பேரும் தங்கள் தங்கள் சராசரிக்கு மேலே கணக்கிலும் அறிவியலிலும், கீழே இங்கிலீஷிலும் என்றால், இரண்டு பேருடைய போக்கும் ஒன்றுதான். மார்க்கை விடு, போக்கைப் பார் என்பதுதான் இந்தக் குறியீடு.

மலைக்கு இது ரொம்பப் பொருத்தம். காலையில் கிழக்குச் சரிவு வெயிலில் பளிச்சென்று இருக்கும், மேற்குச் சரிவு நிழலில் கிடக்கும். ஒரே மரம், வெளிச்சம் மட்டும் பாதி. எண்களை அப்படியே ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு மரம் என்று சொல்லிவிடும். குறியீட்டில் அந்தப் பிரச்சினை வராது, எல்லா எண்ணும் பாதியானால் சராசரியும் பாதியாகும், ஒன்றும் சுழியும் மாறாது.

கஷ்டம் எங்கே வருகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நானே விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை, ஆனால் போக்கு உண்மையில் இருப்பதுதான். ஏழே ஏழு பட்டைகள் எடுத்துக்கொள்வோம்: நீலம், பச்சை, சிவப்பு, பிறகு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் நான்கு.

பச்சை இலை: 4, 10, 4, 48, 46, 25, 12. இலைப் பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கிவிடும், அகச்சிவப்பைத் தூக்கி எறியும், அதனால்தான் நடுவில் அந்தப் பெரிய ஏற்றம். சராசரி 21 சொச்சம். குறியீடு: 0001110.

செம்மண்: 5, 9, 18, 24, 28, 38, 32. சராசரி 22. குறியீடு: 0001111.

பார்த்தீர்களா, தழைத்து நிற்கிற இலைக்கும் வெறும் செம்மண்ணுக்கும் ஒரே ஒரு இடத்தில்தான் வித்தியாசம். இது போதாது என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் இன்னொரு வரிசையும் சேர்த்தார்கள்: அடுத்த பட்டைக்குப் போகும்போது அளவு ஏறினால் 1, இறங்கினால் 0. இலைக்கு 101000, மண்ணுக்கு 111110. இப்போது இன்னும் மூன்று இடங்களில் வேறுபடுகிறது. சரி, இலை வேறு மண் வேறு என்று சொல்லிவிடலாம்.

இப்போது அறுப்பு முடிந்த சாமைக் கொல்லைக்கு வாருங்கள். காய்ந்த தாள்: 8, 13, 18, 28, 32, 34, 24. சராசரி 22 சொச்சம். குறியீடு 0001111. ஏற்ற இறக்க வரிசை 111110. இரண்டுமே செம்மண்ணுடையதோடு எழுத்துக்கு எழுத்து ஒன்று! ஆறு மாதம் உழைத்து, விளைவித்து, அறுத்துக் களத்துக்குக் கொண்டுபோனவனுடைய நிலத்துக்கும் யாரும் கால் வைக்காத பொட்டலுக்கும் இந்தக் குறியீட்டில் ஒரே பெயர்.

உடனே விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். "ஐயா, ஏழு பட்டை வைத்துக்கொண்டு இப்படிப் பேசினால் எப்படி? 200 பட்டையில் பாருங்கள், காய்ந்த தாளில் இருக்கிற செல்லுலோஸ் 2100 நானோமீட்டரில் ஒரு சின்னக் குழி விழவைக்கும், மண்ணில் அது இருக்காது, களிமண்ணுக்கு 2200இல் வேறொரு குழி இருக்கும்" என்பார்கள். ரொம்பச் சரி. நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன். அந்தக் குழி கருவியில் விழுகிறது. அதை வைத்துக்கொள்கிறோமா, சுருக்கும்போது தூக்கிப் போடுகிறோமா என்பது உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்கள் கையில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்குச் சாமை ஒரு பொருட்டு என்றால் 2100ஐ விட மாட்டார். நெல்லும் கோதுமையும் கரும்பும்தான் அவர் பட்டியல் என்றால், அந்தக் குழி அவருக்கு வெறும் சத்தம். பாப்பு எந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார் என்று சொன்னேனே, அதேதான் இங்கேயும்.

இன்றைக்குக் கம்ப்யூட்டர் வளர்ந்துவிட்டது, ஒன்றும் சுழியும் என்ற பழைய முறையோடு யாரும் நிற்கவில்லை. இரண்டு கையெழுத்துக்கும் இடையிலான கோணத்தை அளப்பது, கற்றுக்கொள்கிற நிரல்கள் என்று எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. சுருக்கு, ஒப்பிடு, நெருக்கமாக இருக்கிற பெயரைச் சொல். எங்கே சுருக்கினாலும் ஏதோ ஒன்று வெளியே போகும்.

சந்திரனில் தண்ணீர் கண்டுபிடித்த கதை இதற்கு நல்ல உதாரணம். 2008 அக்டோபரில் போன சந்திரயான் 1இல் எம்-3 என்ற நாசாவின் கருவி இருந்தது. அதுவும் இதே வகைக் கேமராதான், நிலாவின் தாதுக்களைப் பார்க்கப் போனது. கார்லே பீட்டர்ஸ் என்ற அம்மையார் தலைமை. அது பார்க்கக்கூடிய எல்லையின் கடைசி ஓரத்தில், 3000 நானோமீட்டரை ஒட்டி, ஒரு குழி தெரிந்தது. ஹைட்ராக்சிலும் தண்ணீரும் போடுகிற கையெழுத்து. நிலாவில் அது இருக்கக் கூடாது என்பதுதான் அதுவரை பாடம். கருவிக் கோளாறாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டு, காசினி விண்கலம் 1999இல் நிலாவைக் கடந்தபோது எடுத்த பழைய பதிவையும், டீப் இம்பாக்ட் கலத்தின் பதிவையும் எடுத்துச் சரிபார்த்து, 2009 செப்டம்பரில் அறிவித்தார்கள். ஓரத்துப் பட்டைகள்தானே, தேவைப்படாது என்று யாராவது வடிவமைக்கும்போதே வெட்டியிருந்தால்? இத்தனைக்கும் அந்தக் கருவியே நிலாவின் பெரும்பகுதியை 260 பட்டையில் எடுக்கவில்லை, அனுப்ப வேண்டிய சுமை குறையட்டும் என்று 85ஆகச் சுருக்கித்தான் எடுத்தது. நல்லவேளையாக அந்த ஓரத்தைக் கழிக்கவில்லை. பத்து வருடம் பெட்டியில் கிடந்த காசினி பதிவு உதவியதையும் கவனியுங்கள். முழுக் கையெழுத்தையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

இன்னொரு பழைய கதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம் பக்கத்தில் நடந்தது. 1868 ஆகஸ்ட் 18, பூரண சூரிய கிரகணம். குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் மெட்ராஸ் அப்சர்வேட்டரியின் போக்சன், இன்னும் பலர் நிறமாலைக் கருவியோடு காத்திருந்தார்கள். சூரியனின் விளிம்பில் எழுகிற தீச்சுடர்களில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. மஞ்சள் என்றால் சோடியம் என்று நம் பத்தாம் வகுப்புப் பையன் கூடச் சொல்வான். ஆனால் சோடியத்தின் ஜோடிக் கோடு 589 நானோமீட்டரில் இருக்கிறது, இது 587.6இல். இரண்டு நானோமீட்டர் கூட இல்லை வித்தியாசம். இங்கிலாந்தில் லாக்யர் அதே வருடம் கிரகணம் இல்லாமலேயே அந்தக் கோட்டைப் பார்த்து, இது பூமியில் நாம் அறியாத ஒரு தனிமம் என்று முடிவுக்கு வந்தார். ஹீலியம். அதைப் பூமியில் ராம்சே கண்டுபிடிக்க 1895 வரை ஆயிற்று.

இன்றைய நிரல் ஒன்றிடம் அந்தக் கோட்டைக் கொடுத்து, பட்டியலில் நெருக்கமான பெயரைச் சொல் என்றால் யோசிக்காமல் "சோடியம்" என்று சொல்லிவிடும். பட்டியலில் ஹீலியமே இல்லையே! "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் வசதி நிரலுக்கு இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். இத்தனை இடத்துக்கு மேல் வேறுபட்டால் பெயர் வைக்காதே என்று ஒரு எல்லை போடலாம், போடவும் செய்கிறார்கள். ஆனால் வரைபடமாக அச்சடித்து வரும்போது அந்த "தெரியாது" கட்டங்கள் யாருக்கும் பிடிப்பதில்லை. வெள்ளையாக விட்டால் வேலை முடியாத மாதிரி இருக்கிறது. ஏதாவது ஒரு நிறம் பூசிவிடத்தான் கை போகும்.

பட்டியல் என்று சொன்னேன். அதைத்தான் நிறமாலை நூலகம் என்கிறார்கள். உலகம் முழுக்க அதிகமாக எடுத்தாளப்படுகிற நூலகங்கள் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமும் நாசாவும் தயாரித்தவை. தாதுக்கள், மண்வகைகள், மரங்கள், சிமெண்ட், கூரைத் தகடு வரைக்கும் இருக்கும். நல்ல மனசோடு இலவசமாகத் தருகிறார்கள், குறை சொல்ல முடியாது. நம் நாட்டிலும் மண்ணுக்கும் முக்கியப் பயிர்களுக்கும் தரையில் அளந்து சேர்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆனால் சாமை முளைத்த இருபதாம் நாளில் எப்படி, கதிர் முற்றும்போது எப்படி, காய்ந்த தாள் இந்த மலையின் செம்மண்ணோடு கலந்து கிடக்கும்போது எப்படி, புளிய மரம் இலை கொட்டும் மாதத்தில் எப்படி, சந்தன மரம் அது வேரைப் பற்றிக்கொண்டிருக்கிற மரத்தின் நிழலில் எப்படி, உண்ணிச்செடி பூக்கும்போது எப்படி? இதெல்லாம் கொலராடோவில் அளந்து வைத்திருக்க மாட்டார்கள். இங்கே வந்துதான் அளக்க வேண்டும்.

நிலாவுக்கே அப்படித்தான் செய்தார்கள். சந்திரயான் 2இன் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலா மண் மாதிரி மண் தேவைப்பட்டபோது நம் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து அனார்த்தசைட் பாறையைத்தான் இடித்துப் பொடியாக்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். நிலாவின் வெளிர் மேடுகள் அந்த வகைப் பாறைதான். 3,84,000 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மண்ணுக்கு நாமக்கல்லில் ஒரு மாதிரி தேடினவர்கள், 630 கிலோமீட்டர் கீழே இருக்கிற சாமைக்கு ஒரு மாதிரி தேட மாட்டார்களா என்ன? கேட்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மலையில் இருக்கிறார், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எதிர்ச் சரிவைக் காட்டி, "அந்தக் கொல்லைல என்ன விதைச்சிருக்காங்க?" என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சாமைங்க வாத்தியாரே. ஆனா ரெண்டு பேரு விதைச்சது. மேல் பாதி பத்து நாள் பிந்தி." எப்படித் தெரியும் என்றேன். "நெறம் சொல்லுதே" என்றார். அரை கிலோமீட்டர் தூரம், கண்ணாடி கூட இல்லை. அவர் தலைக்குள்ளும் ஒரு நூலகம் இருக்கிறது. அறுபது வருடம் ஒவ்வொரு மாதமும் பக்கத்தில் போய் நின்று சரிபார்த்த நூலகம்.

இதில் பணம், நிலம், மானம் எல்லாம் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பயிர்க் காப்பீட்டில் விளைச்சலை மதிப்பிட சாட்டிலைட் தகவலையும் சேர்த்துக்கொள்ளும் முறை வந்துவிட்டது. இன்று சில பயிர்களுக்கு, நாளைக்கு எல்லாவற்றுக்கும் வரும். அதைவிடப் பெரியது நிலம். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்னாலிருந்தே காட்டு நிலத்தில் உழுது வாழ்கிற பழங்குடியினர் உரிமை கோரலாம். உழுதீர்களா என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். அந்த வருடத்துச் சாட்டிலைட் படத்தில் கொல்லை பொட்டலாகத் தெரிந்தால், அல்லது புதர்க்காடு என்று பெயர் விழுந்திருந்தால், கோரிக்கை என்ன ஆகும்? சாமைக் கொல்லையை ஒரு வருடம் சும்மா போட்டுவைப்பதும் உண்டு. அந்த வருடம் எடுத்த படம் என்றால் கேட்கவே வேண்டாம்.

சட்டம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 2012இல் திருத்திய விதிகளில் தெளிவாகவே இருக்கிறது: சாட்டிலைட் படமும் மற்ற தொழில்நுட்பமும் பிற ஆதாரங்களுக்குத் துணையாக இருக்கலாம், அவற்றுக்குப் பதிலாக அவற்றை வைத்துக்கொள்ளக் கூடாது. அதே விதிகளில் ஆதாரங்களின் பட்டியலும் இருக்கிறது. வரப்பு, சமன்படுத்திய நிலம், கிணறு, இடுகாடு இவற்றோடு, கோருபவர் அல்லாத பெரியவர்கள் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலமும் ஓர் ஆதாரம். பெரியவர்கள் என்று முதலிலேயே சொன்னேனே, இதற்காகத்தான். "எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இவங்கப்பா அங்கே உழுதாரு" என்று நீங்கள் சொல்லி, எழுதி, கைநாட்டு வைத்தால் அதற்கு மதிப்பு உண்டு. சாட்டிலைட் சொல்லிவிட்டதே என்று வாயை மூடிக்கொண்டால் அந்த ஆதாரம் நம்மோடு போய்விடும். நம் வயதில் இதைத் தள்ளிப்போட முடியாது.

விளக்கு விஷயம் ஒன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன், சம்பந்தம் இல்லாமல் இல்லை. காவலூரைச் சுற்றி இப்போது வெள்ளை எல்.இ.டி. தெருவிளக்குகள் பெருகிவிட்டன. பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளின் வெளிச்சம் பெரும்பாலும் மஞ்சளை ஒட்டியே குவிந்திருக்கும். நட்சத்திரம் பார்க்கிறவர்கள் அந்த இடத்தை மட்டும் கழித்துவிட்டு மீதியைப் படித்துக்கொள்வார்கள், கோபால்ட் கண்ணாடி மாதிரி. வெள்ளை எல்.இ.டி. நீலத்திலிருந்து சிவப்பு வரை முழுக்கப் பரவும், எதைக் கழிப்பது? தெருவுக்கு வெளிச்சம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், இருட்டில் பாம்பு மிதித்த ஊர்க்காரன் நான். விளக்கின் தலையைக் கீழ்ப்பக்கம் பார்த்து மூடி வையுங்கள், மேலே போகிற வெளிச்சம் யாருக்கும் உபயோகமில்லை என்றுதான் கேட்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? தரையில் நின்று நிறமாலை அளக்கிற கருவி ஒன்று உண்டு, ஸ்பெக்ட்ரோரேடியோமீட்டர். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், விலை பல லட்சம். நம்மால் வாங்க முடியாது. ஆனால் பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு நாள் ஒரு மாணவர் அதை எடுத்துக்கொண்டு மலைக்கு வரட்டும். கூடவே மேலே சொன்ன பெரியவர் மாதிரி ஒருவர் நடக்கட்டும். எந்தக் கொல்லை, என்ன விதை, எத்தனையாவது நாள், யார் சொன்னது என்று ஒவ்வொரு அளவோடும் எழுதிக்கொள்ளட்டும். சொன்னவர் பெயரும் நூலகத்தில் பதிய வேண்டும். அவர் நாளுக்கு ஒரு கூலியும் கொடுக்க வேண்டும், கடலை மிட்டாயும் டீயும் கொடுத்து அனுப்புகிற வழக்கம் வேண்டாம். விதைப்பு முதல் அறுப்பு வரை, பிறகு காய்ந்த தாளாகக் கிடக்கும் மாதங்கள் உட்பட, இரண்டு வருடம் இப்படிச் செய்தால் சாமைக்கு ஒரு முழுக் கையெழுத்துப் புத்தகம் வந்துவிடும். மழைக் காலத்தில் மேகம் சாட்டிலைட்டை மறைத்துவிடும், தரையில் நிற்கிறவனை மறைக்காது.

ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்கள் இந்தப் பக்கம் குறைந்தது இருபது பேராவது இருக்கிறோம். ஆறேழு பேர் சேர்ந்தால் கல்லூரிகளுக்குக் கடிதம் எழுதலாம். இரண்டு கடிதம் நான் எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். அதுவரை பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வேலை: பழைய சி.டி. ஒன்றும் காலி அட்டைப் பெட்டியும் இருந்தால் வீட்டிலேயே நிறமாலை பார்க்கும் டப்பா செய்யலாம். டியூப் லைட்டில் கோடு கோடாகத் தெரியும், எல்.இ.டி.யில் தொடர்ச்சியாகத் தெரியும், வித்தியாசம் அவர்களுக்கே விளங்கும். செய்முறையைப் படத்தோடு அடுத்த வாரம் போடுகிறேன். பெட்டியில் பிளவு வெட்டுகிற இடத்தில் மட்டும் பிளேடு வேலை, அதைப் பெரியவர்களே செய்துகொடுங்கள்.